சூரிய மின்சாரம் சேரும் ஃபீடரில் பழுதின் திசையை எந்த முறையில் அறிவது?

துணைமின் நிலையத்திலிருந்து ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் 22 கிலோவோல்ட் கம்பித்தடமான ஃபீடர் ஒன்றின் பாதி வழியில் 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்று சேரப்போகிறது. துணைமின் நிலையத்தில் அந்த ஃபீடரைக் காப்பது திசை பாராத பழைய ஓவர் கரண்ட், எர்த் ஃபால்ட் ரிலே. பழுதைக் கண்டதும் ப்ரேக்கர் என்ற சுவிட்சைத் திறக்கச் சொல்லும், அதாவது ட்ரிப் செய்யும் கருவியே ரிலே; ஓவர் கரண்ட் வகை அளவு மீறிய மின்னோட்டத்தையும், எர்த் ஃபால்ட் வகை தரைக்குப் பாயும் மின்னோட்டத்தையும் காணும். அதை அப்படியே விடலாமா, திசை ரிலே போட வேண்டுமா, போட்டால் அது எதைக் கொண்டு திசையைத் தீர்மானிக்க வேண்டும் என்ற கேள்வியைப் பொறியாளர்கள் பலர் கேட்கிறார்கள். 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் முதல் பிரிவு, 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களைக் கிராமப்புறத் துணைமின் நிலையங்களை ஒட்டியே அமைக்க வழி செய்கிறது. எனவே இதுவரை இந்தக் கவலை இல்லாதிருந்த சிறிய ஊர்களுக்கும் இது வந்து சேரும்.

முடிவு தவறினால் விளைவு இரண்டில் ஒன்றாக இருக்கும். பக்கத்து ஃபீடரில் மரக்கிளை விழுந்ததற்கு நல்ல நிலையில் உள்ள ஃபீடரும் ட்ரிப் ஆகி ஊர் இருளும். அல்லது, அறுந்து வயலில் கிடக்கும் கம்பியை ரிலே தன் எல்லைக்கு வெளியே உள்ள பழுது என்று எண்ணி உயிரோடு விட்டுவிடும். இரண்டாவதற்கு விலை மனித உயிர் என்பதால், விலைப்பட்டியலில் உள்ள வசதிகளை எண்ணிப் பார்த்து இதை முடிவு செய்யக் கூடாது.

முதலில் அளவுகோல்கள்

மாறுதிசை மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை திரும்பிக்கொண்டே இருப்பது. அதை மட்டும் பார்த்து எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியாது. வேறொரு அளவை, பெரும்பாலும் ஒரு மின்னழுத்தத்தை, நிலையான குறியாக வைத்துக்கொண்டு, அதற்கு மின்னோட்டம் எத்தனை பாகை முந்துகிறது அல்லது பின்தங்குகிறது என்று பார்த்துத்தான் ரிலே திசை சொல்கிறது. இந்தக் குறியை இக்கட்டுரையில் ஒப்பு அளவு என்று அழைக்கிறேன். திசை காணும் முறைகள் ஒன்றிலிருந்து மற்றொன்று வேறுபடுவது பெரும்பாலும் இந்த ஒப்பு அளவில்தான்.

ஒவ்வொரு முறையையும் ஐந்து கேள்விகளால் எடை போடலாம். ஃபீடரின் மறுமுனையில் இருப்பது இன்வெர்ட்டரா (சூரியத் தகடுகளின் நேர்மின்சாரத்தை மாறுதிசை மின்சாரமாக்கும் மின்னணுக் கருவி), சுழலும் மின்னாக்கியா? மின்நிலையத்தின் மின்மாற்றி நம் ஃபீடரின் பக்கம் ஸ்டார் எர்த் செய்யப்பட்டதா (மூன்று சுருள்களின் பொதுமுனை தரையோடு இணைந்தது), டெல்டாவா (சுருள்கள் வளையமாக இணைந்து, தரை இணைப்பே இல்லாதது)? ரிலே நிற்பது துணைமின் நிலைய முனையிலா, மின்நிலைய முனையிலா? அங்கே பி.டி. (மின்னழுத்தத்தை ரிலேக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் சிறு மின்மாற்றி) இருக்கிறதா, இருந்தால் எந்த வகைச் சுற்று? கடைசியாக, இதை வாங்கிய பிறகு பத்து ஆண்டுகள் யார் சோதித்துப் பராமரிக்கப்போகிறார்கள்?

இவற்றுள் முதல் மூன்றே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்துவிடும். ஆனால் கொள்முதல் கோப்புகளில் நான்காவது மட்டுமே எழுதப்பட்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

திசை பாராமலே விடுவது

இதை ஒரு தேர்வாகவே பலர் கருதுவதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதுவே போதுமான இடங்கள் உண்டு. 5 மெகாவாட் நிலையத்தின் முழுச் சுமை மின்னோட்டம் 22 கிலோவோல்ட்டில் ஏறக்குறைய 131 ஆம்பியர். பழுது நேரத்தில் இன்வெர்ட்டர் தன் மின்னணுச் சாதனங்களைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடும். பொதுவாக முழுச் சுமையின் 1.1 முதல் 1.5 மடங்குக்கு மேல் போகாது. 1.2 மடங்கு என்று கொண்டால் 157 ஆம்பியர். ஃபீடரின் பேஸ் ரிலே, அதாவது மேலே சொன்ன ஓவர் கரண்ட் ரிலே, 300 ஆம்பியரில் அமைக்கப்பட்டிருந்தால், பக்கத்து ஃபீடரின் பழுதுக்காக இன்வெர்ட்டர் திருப்பி அனுப்பும் மின்னோட்டம் அதை அசைக்கவே அசைக்காது. திசை ரிலே இல்லாமலேயே பேஸ் பழுதுகளுக்குப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

எர்த் ஃபால்ட் ரிலேயின் கதை வேறு; அதுவே பெரும்பாலோர் தவறவிடும் இடம். அந்த ரிலே 40 அல்லது 60 ஆம்பியரில் அமைந்திருக்கும். மின்நிலையத்தின் மின்மாற்றி நம் பக்கம் ஸ்டார் எர்த்தும் இன்வெர்ட்டர் பக்கம் டெல்டாவுமாக இருந்தால், இன்வெர்ட்டர் இயங்கினாலும் இயங்காவிட்டாலும், நள்ளிரவிலும்கூட, அந்த மின்மாற்றி நில மின்னோட்டத்துக்கு ஒரு ஊற்றாக நிற்கும்.

ஓர் உதாரணம்: துணைமின் நிலையத்தில் 16 எம்.வி.ஏ., 10 சதவீத மின்மறிப்புள்ள மின்மாற்றி என்றால் அதன் மதிப்பு சுமார் 3 ஓம். மின்நிலையத்தில் 5 எம்.வி.ஏ., 7 சதவீதம் என்றால் சுமார் 6.8 ஓம். இடையே 5 கிலோமீட்டர் கம்பியின் சுழி வரிசை மின்மறிப்பை (தரை வழியே திரும்பும் மின்னோட்டத்துக்கு அது தரும் தடையை) 6.5 ஓம் என்று கொள்வோம். பக்கத்து ஃபீடரின் தொடக்கத்தில் ஒரு கம்பி தரையைத் தொட்டால், நில மின்னோட்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது நம் நல்ல ஃபீடர் வழியாகத் திரும்பிச் செல்லும். 110 கிலோவோல்ட் பக்கத்து மின்மறிப்பை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் அது சுமார் 800 ஆம்பியர். இன்வெர்ட்டர் தருவது 157, அதன் மின்மாற்றி தருவது 800. நல்ல ஃபீடர் வீணாக ட்ரிப் ஆவதற்கு இன்வெர்ட்டரைக் குறை சொல்பவர்கள் மின்மாற்றியின் சுற்றைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் மின்நிலையம் நம் பக்கம் டெல்டா மின்மாற்றி போடட்டுமே என்று தோன்றும். பல இணைப்புகளில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே திசை பாராத ரிலே எர்த் ஃபால்டுக்கும் போதும். ஆனால் அதற்கு மறைமுகமான ஒரு விலை உண்டு. ஃபீடரில் ஒரு பேஸ் தரையைத் தொட்டு, துணைமின் நிலைய ப்ரேக்கர் திறந்து, மின்நிலையம் இன்னும் விலகாத அந்தச் சிறு இடைவெளியில், ஃபீடருக்கு எர்த் என்ற ஒன்றே இருக்காது. மற்ற இரண்டு பேஸ்களின் மின்னழுத்தம் தரையை ஒப்பிட 1.73 மடங்கு வரை ஏறலாம். லைட்னிங் அரெஸ்டர்களும் நுகர்வோர் கருவிகளும் அதைத் தாங்க வேண்டியிருக்கும். எனவே மின்நிலையத்தின் உயர் அழுத்தப் பக்கத்தில் எஞ்சிய மின்னழுத்தத்தை, அதாவது மூன்று பேஸ் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகையைக் காணும் ரிலேயும், அதற்கான பி.டி.யும் கட்டாயம் தேவை.

மறுமுனையில் இருப்பது சுழலும் மின்னாக்கி என்றால் மேலே சொன்ன பேஸ் கணக்கு செல்லாது. முப்பந்தல், கயத்தாறு, உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் காற்றாலைகள் பல, நேரடியாக இணைக்கப்பட்ட தூண்டல் மின்னாக்கிகள். அவை பழுதின் முதல் கணத்தில் முழுச் சுமையின் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் தரும். மூன்று பேஸும் சேர்ந்த பழுதில் அது சில சுழற்சிகளில் தேய்ந்துவிடும் என்பதால், நேரம் எடுத்து இயங்கும் ரிலே தாக்குப்பிடிக்கும். உடனடியாக இயங்கும் அமைப்பு தாக்குப்பிடிக்காது. சர்க்கரை ஆலைகளின் ஒத்தியங்கு மின்னாக்கிகள் இன்னும் நீண்ட நேரம் தரக்கூடியவை. அங்கே திசை ரிலே இல்லாமல் காலம் தள்ள முடியாது.

பேஸ் திசை: குறுக்கு மின்னழுத்தத்தோடு ஒப்பிடுவது

மூன்று பேஸ்களை ஆர், ஒய், பி என்பார்கள். ஆர் பேஸ் மின்னோட்டத்தை ஒய், பி பேஸ்களுக்கு இடையேயான மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு, 30 அல்லது 45 பாகைத் திருத்தம் வைத்துத் திசை சொல்வது மிகப் பழைய முறை. இன்றைய எண்ணியல் ரிலே எதிலும் இது இருக்கும். பழுதான பேஸின் மின்னழுத்தம் விழுந்தாலும் மற்ற இரண்டும் நிற்பதால் ஒப்பு அளவு கிடைத்துவிடும். மூன்று பேஸும் அருகிலேயே குறுக்கிணைந்தால் மட்டும் ஒப்பு மின்னழுத்தம் மறைந்துவிடும். அப்போது பழுதுக்கு முந்தைய சில சுழற்சிகளின் மின்னழுத்தத்தை ரிலே தன் நினைவிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இன்வெர்ட்டர் வந்தால் இந்த முறை கெட்டுவிடும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. துணைமின் நிலைய முனையில் உள்ள ரிலேக்கு, தன் ஃபீடரில் நேரும் பழுதின் மின்னோட்டம் பெரிய மின்தொகுப்பிலிருந்து வருகிறது. அதன் அளவும் கோணமும் பழைய இயல்பிலேயே இருக்கும். பின்பக்கப் பழுதுக்கு வருவதுதான் இன்வெர்ட்டரின் மின்னோட்டம். அதன் கோணத்தை இயற்பியலைவிட இன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டு மென்பொருள்தான் முடிவு செய்கிறது என்பதால் ரிலே குழம்பலாம். ஆனால் அந்த மின்னோட்டம் ரிலே இயங்கும்படி அமைத்த அளவையே எட்டாததால் குழப்பம் ட்ரிப்பாக மாறுவதில்லை. எனவே இந்த முனையில் சாதாரண பேஸ் திசை ரிலே நிம்மதியாக வேலை செய்யும்.

மின்நிலைய முனையில் நிலைமை தலைகீழ். அங்கே ஃபீடரை நோக்கிய பழுதுக்கு ரிலே காண்பது இன்வெர்ட்டர் தரும் ஒன்றேகால் மடங்கு மின்னோட்டத்தை மட்டுமே. முழுச் சுமையிலிருந்து அதைப் பிரித்தறிவதே கடினம். அங்கே மின்னழுத்தக் குறைவு, அதிர்வெண், எஞ்சிய மின்னழுத்தம் ஆகியவற்றைக் காணும் ரிலேக்களே பயன்படும். ஒரே வகைத் திசை ரிலேயை இரு முனைக்கும் வாங்கும் வழக்கம் இதனால்தான் வீண்செலவாகிறது.

சுழி வரிசைத் திசை: எர்த் ஃபால்டுக்கு என் முதல் தேர்வு

மூன்று பேஸ் மின்னோட்டங்களைக் கூட்டினால் எஞ்சுவது நில மின்னோட்டம்; மூன்று மின்னழுத்தங்களைக் கூட்டினால் எஞ்சுவது அதற்கான ஒப்பு அளவு. இந்த இரண்டையும் தீர்மானிப்பவை மின்மாற்றிகளின் எர்த் இணைப்பும் கம்பியும் மட்டுமே. இன்வெர்ட்டரின் மென்பொருளுக்கு இங்கே இடமே இல்லை. இன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டு முறை மாறினாலும், இரவில் அது நின்றுபோனாலும், நில மின்னோட்டத்தின் திசை மாறாது. நேரடியாக எர்த் செய்யப்பட்ட பகிர்மான அமைப்பில், ஒப்பு மின்னழுத்தத்துக்கு மின்னோட்டம் 45 பாகை பின்தங்குவதாக ரிலேயை அமைப்பது நெடுங்கால நடைமுறை. மின்தடை வழியாக எர்த் செய்த அமைப்புக்கு அந்தக் கோணம் 0 பாகை.

இதன் பலவீனத்தை எண்ணில் பார்ப்பது நல்லது. உலர்ந்த மண்ணில் விழுந்த கம்பி ஒன்று 60 ஆம்பியர் நில மின்னோட்டம்தான் தருகிறது என்று கொள்வோம். துணைமின் நிலைய மின்மாற்றியின் 3 ஓமில் அது எழுப்பும் எஞ்சிய மின்னழுத்தம் 180 வோல்ட். 22,000 வோல்ட்டை 110 வோல்ட்டாக்கும் பி.டி. அதை 0.9 வோல்ட்டாகத் தரும். பி.டி.யின் இயல்பான பிழையும் பேஸ்களின் சமனின்மையும் சேர்ந்தாலே ஒரு வோல்ட்டை எட்டிவிடக்கூடும் என்பதால், ரிலேயின் குறைந்தபட்ச ஒப்பு அளவை அதற்கு மேல் வைக்க நேரிடும். அப்போது இந்தப் பழுது திசையற்றதாகிவிடும். மனிதர் மிதிக்கக்கூடிய கம்பி இதுதான் என்பதால் இதை எளிதாகக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. இங்கே துணைமின் நிலைய மின்மாற்றியின் நியூட்ரலில் (ஸ்டாரின் பொதுமுனையில்) உள்ள, மின்னோட்டத்தை அளந்து தரும் சி.டி.யின் மின்னோட்டத்தையே ஒப்பு அளவாகக் கொள்ளலாம். எந்த ஃபீடரில் நிலப் பழுது நேர்ந்தாலும் அது ஒரே திசையில்தான் பாயும். 60 ஆம்பியரில் அது தெளிவாகவே தெரியும். மின்மாற்றியின் சுற்று வகை இதற்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

மறைமுகச் செலவு பி.டி.யில் இருக்கிறது. இரண்டே பி.டி.க்களை வி வடிவில் இணைத்த பழைய இடங்களில் எஞ்சிய மின்னழுத்தம் கிடைக்கவே கிடைக்காது. பேஸ்களுக்கு இடையேயான மின்னழுத்தங்களை எப்படிக் கூட்டினாலும் விடை சுழிதான். அங்கே ரிலேயின் விலையைவிட மூன்று புதிய பி.டி.க்களும் அவற்றுக்கான இடமும் மின்சாரத்தை நிறுத்திவைக்கும் நேரமுமே பெரிய செலவு. எர்த் செய்யப்படாத, அல்லது பீட்டர்சன் சுருள் (நிலப் பழுது மின்னோட்டத்தை அடக்கும் சுருள்) வழியாக எர்த் செய்த ஐரோப்பிய அமைப்புகளில் இதே அளவுகளை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். நம் பகிர்மானத்துக்கு அது பொருந்தாது.

எதிர் வரிசைத் திசை

மூன்று பேஸ்களும் சமனிழக்கும்போது தோன்றும் எதிர் வரிசைப் பகுதியைக் கொண்டு திசை காண்பது இந்த முறை. எர்த் தொடாத இரு பேஸ் பழுதையும் காண்பதாலும், எஞ்சிய மின்னழுத்தம் தேவைப்படாததாலும், வி வடிவ பி.டி.யோடும் வேலை செய்வதாலும் இது காகிதத்தில் மிக அழகான முறை. சுழலும் மின்னாக்கிகளோடு இதை நம்பலாம். காற்றாலைத் தூண்டல் மின்னாக்கி உள்ள ஃபீடருக்கு நானே பரிந்துரைப்பேன்.

இன்வெர்ட்டரோடு இது தடுமாறும். பல இன்வெர்ட்டர்கள் சமச்சீரான மின்னோட்டத்தை மட்டுமே தரும்படி அமைக்கப்பட்டவை. எதிர் வரிசை மின்னோட்டத்தை அவை வேண்டுமென்றே அடக்கிவிடுகின்றன. ஐ.இ.இ.இ. என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட 2800 தரநிலை, சமனற்ற பழுதுகளின்போது எதிர் வரிசை மின்னோட்டம் தர வேண்டும் என்று கேட்கிறது. ஆனால் அது உயர் அழுத்தத் தொடரமைப்போடு இணையும் நிலையங்களுக்கானது. பகிர்மானத்தில் இணைபவற்றுக்கான 2018-ஆம் ஆண்டின் 1547 தரநிலை அப்படிக் கேட்கவில்லை. எனவே, இரு முனையிலும் மின்னூற்று உள்ள ஃபீடரின் நடுவில் வைக்கும் ரீகுளோசருக்கு (பழுதில் திறந்து, தானாகவே மீண்டும் மூடிப்பார்க்கும் ப்ரேக்கருக்கு) இதை மட்டும் நம்பி இறங்குவதானால், இன்வெர்ட்டர் தயாரிப்பாளரிடம் அந்த மாதிரியின் பழுதுகால நடத்தையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மின்னோட்டத்தை மட்டும் பார்ப்பது

பி.டி. இல்லாத ரிங் மெயின் யூனிட்டுகளுக்காக (கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டிகளுக்காக), பழுதுக்கு முந்தைய மின்னோட்டத்தையே ஒப்பு அளவாகக் கொள்ளும் முறைகள் உண்டு. விலை குறைவு என்பதால் ஈர்ப்பு அதிகம். ஆனால் இவை பழுதுக்கு முன் மின்சாரம் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பது தெரியும் என்ற நம்பிக்கையில் நிற்பவை. சூரிய மின்சாரம் சேரும் ஃபீடரில் காலை 9 மணிக்கு ஊரை நோக்கிப் போன மின்சாரம் நண்பகலில் துணைமின் நிலையத்தை நோக்கித் திரும்பும். ஒரு மேகம் கடந்தால் மறுபடி மாறும். இரண்டும் சமமாகிச் சுழியை ஒட்டி நிற்கும் நேரத்தில் ஒப்பு அளவே இருக்காது. இந்தச் சூழலுக்கு இதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது. மின்னழுத்தம் இருப்பதைக் காட்டும் சிறு விளக்குகளுக்காக ரிங் மெயின் யூனிட்டுகளில் ஏற்கெனவே உள்ள மின்தேக்கி இணைப்பிலிருந்து மின்னழுத்தக் கோணத்தை எடுப்பது அதைவிட நேர்மையான சிக்கனம்.

திடீர் மாற்றத்தையும் அலையையும் பார்ப்பது

பழுது நேர்ந்த முதல் சில மில்லி வினாடிகளில், இன்வெர்ட்டரின் கட்டுப்பாடு விழித்துக்கொள்ளும் முன், மின்னழுத்தத்திலும் மின்னோட்டத்திலும் ஏற்படும் மாற்றத்தின் குறியை ஒப்பிடும் முறை இது. முன்பக்கப் பழுதில் இரண்டு மாற்றங்களும் எதிரெதிர்க் குறியோடும், பின்பக்கப் பழுதில் ஒரே குறியோடும் இருக்கும். நீண்ட தொடரமைப்புக் கம்பிகளில் சிறப்பானது. நூறு கிளைகளும் நூறு விநியோக மின்மாற்றிகளும் கொண்ட 22 கிலோவோல்ட் ஃபீடரில் அலை ஒவ்வொரு கிளையிலும் பட்டுத் திரும்புவதால் தெளிவு குறையும். மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் கணத்தில் நேரும் பழுது அலையே எழுப்பாமல் போகலாம். துணை முறையாக வரட்டும். தனித்து நிற்க இன்னும் தகுதி பெறவில்லை.

இரு முனைகளும் பேசிக்கொள்வது

இரு முனை மின்னோட்டங்களையும் ஒளியிழை வழியே ஒப்பிடும் டிஃபரென்ஷியல் ரிலே, திசை என்ற கேள்வியையே நீக்கிவிடுகிறது: உள்ளே போனது வெளியே வரவில்லை என்றால் பழுது உள்ளேதான். மின்நிலையத்துக்கென்றே இழுத்த தனி ஃபீடருக்கு, அதாவது இடையில் கிளையே இல்லாத கம்பிக்கு, இதைவிடச் சிறந்தது இல்லை. கிளைகள் உள்ள ஃபீடரில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு முனை தேவைப்படும். அது நடக்கிற காரியம் அல்ல. அங்கே துணைமின் நிலைய ப்ரேக்கர் திறந்ததும் மின்நிலையத்தையும் விலக்கும் கட்டளையை அனுப்புவது மட்டும் போதும். மேலே சொன்ன 1.73 மடங்கு ஆபத்தும் அதனால் சுருங்கும். சாலை தோண்டும்போது அறுபடும் ஒளியிழையே இதன் தொடர்செலவு. தொடர்பு அறுந்தால் ரிலே எந்த முறைக்குத் திரும்பும் என்பதைக் கொள்முதல் ஆவணத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எந்த நிலைமைக்கு எது

| நிலைமை | பேஸ் பழுதுக்கு | எர்த் ஃபால்டுக்கு |
|---|---|---|
| சிறிய சூரிய நிலையம், நம் பக்கம் டெல்டா | திசை தேவையில்லை | திசை தேவையில்லை. மின்நிலையத்தில் எஞ்சிய மின்னழுத்த ரிலே கட்டாயம் |
| சூரிய நிலையம், நம் பக்கம் ஸ்டார் எர்த் | கணக்கிட்டுப் பார்த்து முடிவு | சுழி வரிசைத் திசை |
| பழைய தூண்டல் காற்றாலைகள் | குறுக்கு மின்னழுத்தத் திசை | மின்மாற்றியின் சுற்றைப் பொறுத்துச் சுழி வரிசை. வி வடிவ பி.டி. என்றால் எதிர் வரிசை |
| ஒத்தியங்கு மின்னாக்கி | குறுக்கு மின்னழுத்தத் திசை, நினைவோடு | சுழி வரிசைத் திசை |
| மின்நிலையத்துக்கான தனி ஃபீடர் | டிஃபரென்ஷியல் | டிஃபரென்ஷியல் |

எதை வாங்கினாலும் இந்தச் சோதனை

திசை ரிலேக்கள் தவறுவதற்கு நான் கண்ட மிகப் பொதுவான காரணம் சி.டி.யின் இரு முனைகளும் மாறியிருப்பதுதான். ரிலேயை இயக்கத்துக்குக் கொண்டுவரும்போது, சுமை மின்னோட்டம் ஓடுகையில் ரிலேயின் திரையில் மின்திறனின் குறியைப் பார்ப்போம். ஃபீடரை நோக்கிப் போனால் நேர்க்குறி. எதிர்க்குறி வந்தால் சி.டி. மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வது பழைய பழக்கம்.

நான் உடனிருந்த ஒரு துணைமின் நிலையத்தில், மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை பதினொன்றரை மணிக்கு இந்தச் சோதனை நடந்தது. திரையில் எதிர்க்குறி. உடனே டெர்மினலில் மூன்று பேஸின் கம்பிகளையும் மாற்றிக் கட்டினோம், நேர்க்குறி வந்தது, கையெழுத்திட்டுக் கிளம்பினோம். அந்த நேரத்தில் அந்த ஃபீடரின் சூரிய நிலையம் ஊரின் தேவைக்கு மேல் உற்பத்தி செய்துகொண்டிருந்தது என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. முதலில் இருந்த இணைப்பே சரியானது. சில வாரங்கள் கழித்து ஃபீடரில் நேர்ந்த ஓர் எர்த் ஃபால்டை ரிலே பின்பக்கப் பழுது என்று எண்ணிச் சும்மா இருந்தது; எல்லா ஃபீடர்களுக்கும் மின்சாரம் தரும் இன்கமர் ப்ரேக்கர் திறந்து நான்கு ஃபீடர்களும் இருண்டன. அந்த இடைவெளியில் கம்பியருகே யாரும் இல்லாதது நல்வாய்ப்பு.

அதிலிருந்து நான் இந்தச் சோதனையைச் சூரியன் மறைந்த பிறகு, மாலை 7 மணிக்கு மேல், மின்நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டு உற்பத்தி இல்லை என்று உறுதி செய்துகொண்டே வைக்கிறேன். காற்றாலை ஃபீடர் என்றால் அதன் ப்ரேக்கரைத் திறக்கச் சொல்லிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். காற்று மாலையிலும் வீசும். ஓப்பன் டெல்டாவிலிருந்து, அதாவது எஞ்சிய மின்னழுத்தத்தைத் தரும் பி.டி. இணைப்பிலிருந்து, ஒப்பு அளவை எடுக்கும் ரிலேக்கு இதுவும் போதாது. சமச்சீர்ச் சுமையில் எஞ்சிய மின்னழுத்தமும் நில மின்னோட்டமும் சுழியாக இருப்பதால், அந்த இணைப்பின் தவறு வெளியே தெரியாது. எர்த் ஃபால்ட் ட்ரிப்பைத் தடுத்துவைத்துவிட்டு, ஆர் பேஸின் பி.டி. ஃப்யூஸை எடுத்து, ஒய், பி பேஸ்களின் சி.டி. இரண்டாம் சுற்றுகளைக் குறுக்கிணைத்து அவற்றை ரிலேயிலிருந்து விலக்கி, ஆர் பேஸ் மின்னோட்டம் மட்டும் ரிலேக்குப் போகும்படி செய்தால், முன்பக்கப் பழுதின் சாயல் கிடைக்கும். ரிலே அதை முன்பக்கம் என்று சொல்கிறதா என்று பார்த்து, அந்தக் காட்சியைப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். நேரம் முக்கியம்: ஐந்து ஆண்டு கழித்து அதைப் படிப்பவருக்கு, அப்போது சூரியன் இருந்ததா இல்லையா என்பது தெரிய வேண்டும்.